சிபாப் கருவியைச் சுத்தம் செய்ய எந்த வழி நல்லது? கைக்கழுவல், ஓசோன் பெட்டி, புற ஊதாப் பெட்டி, துடைப்புத்தாள், கடை சர்வீஸ்: ஓர் ஒப்பீடு

“கருவிக்கே சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்தாயிற்று. அதைச் சுத்தம் செய்ய இன்னொரு பெட்டியும் வாங்க வேண்டுமா, சோப்பும் தண்ணீரும் போதாதா?” தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள் இரவில் மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றைப் பெறப் பயன்படுத்தும் கருவிதான் சிபாப். அவர்களின் வீடுகளிலிருந்து எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மகன் தம் தந்தைக்காகக் கேட்டார். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் தம் தாயாருக்கு விரல் மூட்டுகளில் வலி இருப்பதால், அவரால் தினமும் மாஸ்க்கைக் கழுவ முடியவில்லை என்று ஒரு மகள் எழுதினார். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த ஒப்பீட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கணவர் ஏழு ஆண்டுகளாகச் சிபாப் பயன்படுத்துகிறார். செந்தூலில் உள்ள எங்கள் வீட்டில் அந்தக் கருவியைப் பராமரிப்பது பெரும்பாலும் என் பொறுப்பு. நான் மருத்துவர் அல்லள். கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் கருவியோடு வந்த கையேட்டுக்கு மாறாக இருந்தால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

## முதலில், அழுக்கு எங்கே சேர்கிறது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், எதைச் சுத்தம் செய்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். கருவி அறைக்காற்றை வடிகட்டி வழியாக உள்ளிழுத்து, மருத்துவர் குறித்துக் கொடுத்த அழுத்தத்தில், காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியின் (ஈரப்பதமூட்டியின்) மேலாகவும் நீண்ட குழாய் வழியாகவும் மாஸ்க்குக்கு அனுப்புகிறது. பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் இந்த அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்திற்குள் இருக்கும். கருவி ஓடும் வரையில் காற்று பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். நாம் வெளிவிடும் மூச்சு, மாஸ்க்கில் இருக்கும் சிறு துளைகள் வழியாக அறைக்குள் போய்விடும்.

ஆகவே அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் சேர்வதில்லை. முகத்தைத் தொடும் சிலிக்கோன் விளிம்பில்தான் மிக அதிகம். வியர்வை, தோலின் எண்ணெய்ப் பசை, படுக்குமுன் நெற்றியில் இட்ட திருநீறு, மூக்கடைப்புக்குத் தடவிய கோடாலித் தைலம் என எல்லாம் அங்கேதான் ஒட்டுகின்றன. இரண்டாவது இடம் தண்ணீர்த் தொட்டி. இரவு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரைக் காலையில் கொட்டாமல் விட்டால், நம் ஊர் வெப்பத்தில் அது பகல் முழுவதும் அப்படியே நிற்கும். குழாய் மூன்றாவது. கருவியின் உட்புறத்தை நாம் கழுவவே முடியாது. அதற்கு இருக்கும் ஒரே காவல் அந்தச் சிறிய வடிகட்டிதான்.

தொட்டியின் மூடியைத் திறந்து, ரப்பர் விளிம்பு பதிந்திருக்கும் பள்ளத்தில் சுண்டுவிரலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுத்தமான தொட்டியில் விரல் ‘கிறீச்’ என்று இழுபடும். நான்கைந்து நாள் கவனிக்காமல் விட்ட தொட்டியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் வெளிர் ரோஜா நிறத்தில் மெல்லிய கறை ஒன்று படியும். அந்த வழுவழுப்பு, நுண்ணுயிர்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பசைப்படலம். தேய்த்தால் போகும், தேய்க்காமல் எதனாலும் எளிதில் போகாது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒப்பீட்டில் பாதி விளங்கிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். எண்ணெய்ப் பசையையும் வழுவழுப்பான படலத்தையும் அந்த வழி உண்மையில் அகற்றுகிறதா? அதன் மிச்சம் ஏதேனும் இரவில் மூச்சோடு நுரையீரலுக்குள் போகுமா? கருவியின் பொருள்களையும் உத்தரவாதத்தையும் அது கெடுக்குமா? வாங்கும் விலைக்கு அப்பால் பிறகு என்னென்ன செலவு வரும்? ஐந்தாவது கேள்வியை விற்பனையாளர்கள் ஒருபோதும் எழுப்புவதில்லை: கோலாலம்பூர், பினாங்கு போன்ற ஈரக்காற்று ஊர்களில் இந்த வழியில் சுத்தம் செய்த பொருள் இரவுக்குள் உலர்ந்திருக்குமா?

| வழி | பசையும் படலமும் போகுமா | மூச்சுக்குப் பாதுகாப்பு | கருவிக்கும் உத்தரவாதத்துக்கும் | மறைந்திருக்கும் செலவு | உலர்தல் |
|---|---|---|---|---|---|
| கைக்கழுவல் | போகும் | சோப்பை நன்றாக அலசினால் கவலையில்லை | கையேடுகள் சொல்லும் வழியே இது | நேரம், ஒழுங்கு | கவனம் வேண்டும் |
| ஓசோன் பெட்டி | போகாது | வாயு தங்கினால் இருமல், எரிச்சல் | சில பொருள்கள் சிதையும், உத்தரவாதம் போகலாம் | இணைப்பான், வடிகட்டி | பெட்டி உலர்த்தாது |
| புற ஊதாப் பெட்டி | போகாது | மிச்சம் இல்லை, ஒளி கண்ணுக்கு ஆகாது | நாளடைவில் சிலிக்கோனும் பிளாஸ்டிக்கும் பாதிக்கப்படலாம் | விளக்கு மாற்றுதல் | பெரும்பாலும் உலர்த்தாது |
| துடைப்புத்தாள் | மேற்பரப்பில் மட்டும் | வாசனை இல்லாததாக இருக்க வேண்டும் | பெரும்பாலும் தீங்கில்லை | மாதாமாதம் வாங்க வேண்டும் | உடனே உலரும் |
| கடை சர்வீஸ் | தினசரி அழுக்குக்கு உதவாது | கவலையில்லை | அங்கீகாரம் உள்ள இடமானால் நல்லது | கருவியில்லாத இரவுகள் | பொருந்தாது |

## கைக்கழுவல்

பெரும்பாலான கையேடுகள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். மாஸ்க்கின் சிலிக்கோன் பகுதியைத் தினமும் கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைத் தினமும் கொட்டித் துடைக்க வேண்டும். தொட்டி, குழாய், தலைப்பட்டை ஆகியவற்றை வாரம் ஒருமுறை மென்மையான சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையில் ஊற்றினால் சுடாத வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிநீர் மாஸ்க்கின் பிளாஸ்டிக் பாகங்களின் வடிவத்தைக் கெடுத்துவிடக்கூடும், வடிவம் கெட்ட மாஸ்க்கில் இரவெல்லாம் காற்றுக் கசியும்.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிறமும் வாசனையும் தூக்கலாக இருக்கும் பாத்திர சோப்பு வேண்டாம். கிருமிநாசினி என்றோ, கைகளுக்கு மென்மை தரும் என்றோ எழுதியிருப்பதும் வேண்டாம். அவை விட்டுச்செல்லும் மெல்லிய பூச்சு சிலிக்கோனில் தங்கி, மூக்கருகே எட்டு மணி நேரம் மணத்துக்கொண்டிருக்கும். வாசனையில்லாத மென்மையான பாத்திர சோப்புக் கிடைக்காவிட்டால், குழந்தைக்குப் போடும் மென்மையான ஷாம்பு சில துளி போதும். குளோரின் கலந்த வெளுப்பானும் ஆல்கஹாலும் பெரும்பாலான கையேடுகள் வெளிப்படையாகவே விலக்கியவை.

வினிகரைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தொட்டியின் அடியில் படியும் வெண்மையான சுண்ணப் படிவை அகற்ற அது நல்ல உதவி. எத்தனை பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வினிகர் என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேட்டில் உள்ள அளவை மீற வேண்டாம். மளிகைக்கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகர் போதும். ஊறவைத்த பிறகு மணம் முற்றிலும் போகும்வரை அலசுங்கள். சோப்பு செய்யும் வேலையை வினிகர் செய்யும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், எண்ணெய்ப் பசை அதற்குப் போகாது.

இந்த வழியின் உண்மையான சிக்கல் கழுவுவதில் இல்லை, உலர்த்துவதில் இருக்கிறது. ஒரு மனிதரின் உயரத்துக்கு நீண்டிருக்கும் குழாயின் உட்புறம் முழுவதும் வரிவரியாக மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். தமிழ்நாட்டில் ஒரு கோடைப் பிற்பகலில் உலரக்கூடியது, இங்கே மழைக்காலத்தில் குளியலறைக் கதவின் பின்னால் தொங்கவிட்டால் மறுநாள் வரையிலும் ஈரமாகவே இருக்கும். அதற்காக வெளியே துணி காயப்போடும் அம்பாயானில் வெயிலில் போடவும் கூடாது. நேரடி வெயிலும் வெப்பமும் பிளாஸ்டிக்கை விறைக்க வைக்கும் என்பதால் நிழலில் உலர்த்தும்படி கையேடுகள் சொல்கின்றன.

நான் செய்வது இது. அலசி முடித்ததும் குழாயின் ஒரு முனையைப் பிடித்து, குளியலறையில் நாலைந்து தடவை வீசிச் சுற்றித் தண்ணீரை உதறிவிடுவேன். பிறகு இரண்டு முனைகளும் கீழே பார்த்தபடி நடுப்பகுதியை ஒரு தடித்த சட்டை மாட்டியின் மேல் போட்டு, கூடத்து மின்விசிறியின் கீழ் தொங்கவிடுவேன். மாலையில் முனை வழியாக வெளிச்சத்தைப் பார்த்து, துளி இருந்தால் குழாயைக் கருவியில் மாட்டி, தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக வைத்து, பத்து நிமிடம் காற்றை மட்டும் ஓடவிடுவேன். சூடாக்கும் கம்பி உள்ள குழாயானால் மின்னிணைப்பு இருக்கும் முனை முழுக்கக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

இங்கேதான் என் அழுத்தமான கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். சுத்தம் செய்யும் பெட்டிக்குச் சில நூறு ரிங்கிட் ஒதுக்கத் தயாராக இருக்கும் குடும்பம், அந்தப் பணத்தில் இன்னொரு குழாயும் இன்னொரு சிலிக்கோன் விளிம்பும் வாங்கட்டும். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றொன்று முழுதாக ஒரு நாள் உலரலாம். ஈரமான குழாயை அவசரமாக மாட்டும் நிலை வராது. மாஸ்க் நள்ளிரவில் கிழிந்தாலும் கைவசம் வேறொன்று இருக்கும். எங்கள் வீட்டில் பராமரிப்பு ஒழுங்குக்கு வந்தது இரண்டாவது குழாய் வந்த பிறகுதான்.

மறைந்திருக்கும் செலவு என்று இதில் இருப்பது நேரம். தினமும் ஐந்து நிமிடம், வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம். அது சிறிய செலவு அன்று. வேலைக்குப் போகும் அவசரத்தில் முதலில் விடுபடுவது இதுவே. பல் துலக்கும்போதே மாஸ்க்கின் விளிம்பையும் கழுவிவிடும் வழக்கத்துக்கு என் கணவர் வர ஓர் ஆண்டு பிடித்தது.

## ஓசோன் பெட்டி

கவர்ச்சியாக இருப்பது இதுதான். மாஸ்க்கையும் குழாயையும் பெட்டிக்குள் வைத்து மூடினால், உள்ளே ஓசோன் வாயு உண்டாகிக் கிருமிகளைக் கொல்கிறது. தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம்.

ஓசோனுக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது உண்மை. ஆனால் எந்த ஆற்றலால் அது கிருமியின் சுவரைச் சிதைக்கிறதோ, அதே ஆற்றலால் நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தையும் எரிச்சலூட்டுகிறது. ரப்பரையும் சிலவகை நுரைப் பொருள்களையும் சிதைக்கிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஓசோன் அல்லது புற ஊதா ஒளியால் சிபாப் கருவியைச் சுத்தம் செய்வதாக அப்போது விற்கப்பட்ட எந்தக் கருவிக்கும் தான் அனுமதி வழங்கியிருக்கவில்லை என்றும், 2017 முதல் 2019 வரை ஓசோன் கருவிகளைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து இருமல், மூச்சுத்திணறல், மூக்கெரிச்சல், தலைவலி, ஆஸ்துமா போன்ற தொல்லைகளைக் குறித்து 11 புகார்கள் வந்ததாகவும் அது தெரிவித்தது. 11 என்பது பெரிய எண் அன்று. ஆனால் மூச்சைக் காக்க வாங்கிய கருவியில் மூச்சைத் தொல்லைப்படுத்தும் வாயுவை ஏன் நிரப்ப வேண்டும் என்பதே என் கேள்வி.

அடுத்த ஆண்டு, 2021 ஜூனில், பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுவதும் பல்வகைக் கருவிகளைத் திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும். ஒலியைக் குறைப்பதற்காகக் கருவிக்குள் வைத்திருந்த பாலியூரிதேன் நுரை சிதைந்து, அதன் துகள்களும் வாயுக்களும் காற்றோடு வரக்கூடும் என்பதே காரணம். ஓசோனால் சுத்தம் செய்வது அந்தச் சிதைவை அதிகரிக்கலாம் என்றும், வெப்பமும் ஈரப்பதமும் அதற்குத் துணைபோகலாம் என்றும் நிறுவனமே கூறியது. நம் ஊரின் வெப்பத்தோடும் ஈரத்தோடும் ஓசோனையும் சேர்க்க வேண்டுமா என்பதை மலேசிய வாசகர் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. ஓசோனால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஆகவே பெட்டியை வாங்கும் முன் உங்கள் உத்தரவாதத் தாளைப் படித்துப் பாருங்கள்.

ஜெலுத்தோங்கில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஆஸ்துமா உண்டு. ஒரு கடையில் வற்புறுத்திச் சொன்னதை நம்பி இந்தப் பெட்டியை வாங்கினார். முதல் வாரத்திலேயே மாஸ்க்கிலிருந்து ஒரு மணம் வருவதாகச் சொன்னார். முகர்ந்து பார்த்தேன். நகலெடுக்கும் கடையில் இயந்திரம் நெடுநேரம் ஓடினால் வருமே, கூரான அந்த உலோக நெடிதான். “கிருமி செத்த வாசனம்மா அது, நல்லதுதானே?” என்று கேட்டார். அது கிருமியின் மணம் அன்று, குழாய்க்குள் தங்கிவிட்ட ஓசோன். மூன்றாம் வாரம் இரவில் இருமல் தொடங்கியது. பெட்டியை நிறுத்திவிட்டுக் கையால் கழுவத் தொடங்கிய பிறகு இருமல் அடங்கியது. ஒரே ஒருவரின் அனுபவத்தை வைத்து மருத்துவ முடிவு சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர் எவருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த அந்த மாஸ்க்கின் விளிம்பில் சித்தப்பாவின் முகத்து எண்ணெய்ப் பசை அப்படியே இருந்தது. சிலிக்கோனை வழுக்க வைத்துக் காற்றைக் கசிய விடுவது அந்தப் பசைதான். பெட்டியை விற்பவர்களின் கையேட்டிலேயே முதலில் சோப்புப் போட்டுக் கழுவும்படி எழுதியிருப்பது உண்டு. அப்படியானால் மிச்சப்பட்ட நேரம் எங்கே? கருவியோடு இணைக்கும் பகுதி, அதன் வடிகட்டி ஆகியவற்றைக் காலாகாலத்தில் மாற்றும் செலவும் விலைச்சீட்டில் இராது.

இதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லத்தக்க சூழல் மிகக் குறுகியது. கருவியின் தயாரிப்பாளரே எழுத்தில் அனுமதித்திருக்க வேண்டும். பயன்படுத்துபவருக்கு நுரையீரல் நோய் எதுவும் இருக்கக்கூடாது. படுக்கையறை அல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பெட்டியை வைக்க வேண்டும். கழுவிய பிறகே பெட்டிக்குள் போட வேண்டும். இத்தனையும் பொருந்தும் வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

## புற ஊதாப் பெட்டி

ஓசோனை உண்டாக்காத புற ஊதாப் பெட்டியில் வாயு தங்குவது என்ற தொல்லை இல்லை. அந்த அளவுக்கு இது மேல். ஆனால் ஒளி எங்கே நேராகப் படுகிறதோ அங்கே மட்டுந்தான் வேலை செய்யும். சுருட்டி வைத்த குழாயின் உள்மடிப்பில் அது விழ வழியில்லை. மாஸ்க்கின் திருப்பங்களுக்கு அடியில் நிழல் இருக்கும். மேலே பசை படிந்திருந்தால், அதன் கீழே இருக்கும் கிருமிக்கு அந்தப் பசையே குடை. நாளடைவில் சிலிக்கோன் மஞ்சளாகவும் விறைப்பாகவும் மாறக்கூடும். திறந்த நிலையில் எரியும் விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்பதால், மூடி திறந்ததும் தானாக அணையும் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கழுவி உலர்த்திய மாஸ்க்குக்கும் தொட்டிக்கும் கூடுதல் காப்பாக இதைப் பயன்படுத்தினால் பெரிய தவறில்லை. கழுவுவதற்குப் பதிலாக என்றால், பணம் வீண்.

இவ்விரு பெட்டிகளில் எதை வாங்க நினைத்தாலும் ஒன்று செய்யுங்கள். மலேசியாவில் மருத்துவச் சாதனங்கள் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவேட்டை அதன் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பதிவெண்ணை விற்பனையாளரிடம் கேளுங்கள். கேட்டதும் அவர் பேச்சை மாற்றினால் அதுவே உங்களுக்குப் பதில்.

## துடைப்புத்தாள்

இதற்கென்றே விற்கப்படும், ஆல்கஹாலும் வாசனையும் இல்லாத ஈரத்தாள்கள் மாஸ்க்கின் மேற்பரப்பில் உள்ள பசையைத் துடைத்தெடுக்கும். தொட்டிக்கும் குழாய்க்கும் இவை உதவா. குழந்தைகளுக்கான ஈரத்தாளில் பெரும்பாலும் லோஷனும் மணமும் கலந்திருப்பதால் அவை இதற்கு மாற்று ஆகமாட்டா. தினமும் ஒரு தாள் என்றால் ஆண்டுக்கு முந்நூறு தாளுக்கு மேல் ஆகும், அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் பயணத்தில் இதற்கு இணையில்லை. தீபாவளிக்கு ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் போகும்போதும், தைப்பூசத்துக்கு உறவினர் வீட்டில் பத்துப் பேரோடு ஒரே குளியலறையைப் பகிரும்போதும், காலையில் மாஸ்க்கைத் துடைத்துப் பையில் வைத்துவிடலாம். பயணத்தில் இன்னொன்று: தொட்டியில் தண்ணீரை வைத்துக்கொண்டே கருவியைத் தூக்காதீர்கள். சாய்ந்த தொட்டியிலிருந்து தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கினால், அந்தப் பழுதின் செலவுக்கு முன்னால் மற்ற எல்லாச் செலவும் சிறிதாகிவிடும்.

ஆயர் ஈத்தாம் தாயாருக்கு என் பதிலும் இதிலேதான் தொடங்குகிறது. விரல் வலி உள்ளவர் தினமும் மாஸ்க்கைக் கழற்றி, தேய்த்து, மறுபடியும் பொருத்துவது கடினம். வார நாள்களில் துடைப்புத்தாள் போதும். தொட்டித் தண்ணீரைக் கொட்டி மூடியைத் திறந்து வைப்பதை மட்டும் விட்டுவிடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வரும் மகளோ பேரப்பிள்ளையோ எல்லாவற்றையும் கழுவி, இரண்டாவது ஜோடியை மாட்டிவிட்டுப் போகட்டும். ஓசோன் பெட்டிக்கு வைத்திருந்த பணம் அந்த இரண்டாவது ஜோடிக்குச் சரியாக இருக்கும்.

## கடை சர்வீஸ்

ஆண்டுக்கொருமுறை விற்பனையாளரிடம் கொடுத்து அழுத்தம் சரியாக வருகிறதா, மோட்டார் ஒலி மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது பராமரிப்பு, சுத்தம் அன்று. கருகிய நெடி, புதிதாக வந்த சீழ்க்கை ஒலி, குழாயில் கரிய துகள், தொட்டித் தண்ணீர் உள்ளே போன சந்தேகம் இவற்றில் எது வந்தாலும் வீட்டில் எதுவும் செய்து பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதன் மறைந்த செலவு பணமன்று. கருவி கடையில் இருக்கும் இரவுகளில் மூச்சுத்தடை திரும்பிவிடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, “எவ்வளவு?” என்பதன்று, “அதுவரைக்கும் மாற்றுக் கருவி தருவீர்களா?” என்பது. அங்கீகாரம் இல்லாத கடையில் கருவியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

## தொட்டிக்கு எந்தத் தண்ணீர்

சுத்தம் செய்யும் வேலையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தான். தொட்டியிலிருந்து ஆவி மட்டும் காற்றோடு போகிறது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் அடியிலேயே தங்கி வெண்படிவாகின்றன. காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பு இல்லை என்பதால் படிவும் இல்லை. மருந்தகங்களில் கிடைக்கும். எண்ணெய்நிலையத்தில் கார் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது மூச்சுக்கென்று தயாரித்ததன்று, வாங்காதீர்கள்.

கடைவரிசையில் இருக்கும் தண்ணீர் இயந்திரங்களில் கிடைக்கும் வடிகட்டிய தண்ணீர் மலிவு, உப்பும் குறைவு. ஆனால் அந்த இயந்திரம் கடைசியாக எப்போது பராமரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதை நம்ப முடியும். போத்தல் தண்ணீர் வாங்கினால் பெயர்த்தாளைப் படியுங்கள். ‘ஆயர் மினரல்’ என்றிருப்பதில் இயற்கை உப்புகள் இருக்கும். ‘ஆயர் மினுமான்’ என்றிருப்பது குடிநீர், அதில் பொதுவாக உப்புக் குறைவு. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் கிருமியைக் கொல்லும், உப்பைப் போக்காது. அவசரத்துக்கு அது போதும். காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று கையேடு சொன்னால் அதற்கு மேல் விவாதம் இல்லை. எந்தத் தண்ணீரானாலும், மூக்கடைப்புக்கு நல்லது என்று எண்ணித் தைலத்தைத் தொட்டியில் ஒரு துளிகூட விடாதீர்கள்.

## யாருக்கு எது

பிரிக்பீல்ட்ஸ் தந்தையைப் போல, கைகால் நன்றாக இருந்து தாமே தம் வேலையைச் செய்துகொள்பவர்க்குக் கைக்கழுவலும் இரண்டாவது ஜோடியும் போதும். வேறெதற்கும் பணம் போட வேண்டாம். அடிக்கடி ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் அதோடு துடைப்புத்தாளையும் சேர்த்துக்கொள்ளலாம். புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்றம், டயாலிசிஸ் ஆகியவற்றில் இருப்பவர்களுக்குத் தொற்று எதிர்ப்பு குறைவாக இருக்கும். அவர்கள் கடைக்காரரிடம் கேட்காமல் தங்கள் மருத்துவரிடமே கேட்டு, கையேட்டில் உள்ள கிருமிநீக்கும் முறையைப் பின்பற்ற வேண்டும். சளி, காய்ச்சல் வந்த நாள்களில் மட்டும் எல்லாரும் தொட்டியையும் குழாயையும்கூடத் தினமும் கழுவுவது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வடிகட்டியை மறக்கக்கூடாது. வெள்ளை நிற மெல்லிய வடிகட்டிகளைப் பெரும்பாலும் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஆறு மாதம் என்பது பல கையேடுகள் சொல்லும் உச்சவரம்பு. 2015இலும் 2019இலும் வந்ததுபோன்ற புகைமூட்டத்தில் அவ்வளவு நாள் தாங்காது. 2019 செப்டம்பரில் மாட்டிய வடிகட்டியை மூன்றாம் வாரம் எடுத்துப் பார்த்தபோது, சட்டகத்தின் கீழ் மறைந்திருந்த ஓரம் மட்டும் வெள்ளையாகவும் நடுப்பகுதி முழுதும் சாம்பல் நிறமாகவும் இருந்தது. கருவியைச் சாமி மேடைக்கு அருகே வைத்திருக்கும் வீடுகளில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் இதே வேலையைச் செய்யும். கருவியை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

## தண்ணீர்த் தடை நாள்களில்

2024 ஜனவரியில் பினாங்கின் பல பகுதிகளில் திட்டமிட்ட தண்ணீர்த் தடை வந்தது. கோலாலம்பூரிலும் இது புதிதன்று. அந்த நாள்களில் சேமித்து வைத்த வாளித் தண்ணீரைக் கொண்டு குழாயைக் கழுவ முயல வேண்டாம். மாஸ்க்கைத் துடைப்புத்தாளால் துடைத்து, தொட்டியைக் காலியாக உலரவைத்து, ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டுக் கருவியை ஓட்டலாம். பெரும்பாலான கருவிகள் அப்படியும் சரியாகவே வேலை செய்யும், தொண்டை சற்று வறண்டாலும் சிகிச்சை தடைப்படாது. தண்ணீர் திரும்பியதும் முதலில் வருவது பழுப்பாக இருக்கும். அது தெளியும்வரை ஓடவிட்டு, தரை கழுவவோ செடிக்கு ஊற்றவோ வாளியில் பிடித்து வைத்துவிட்டு, பிறகு தொட்டியை எடுங்கள்.